அட்டை மூடியிருந்த நேரம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

என் எண்ணைப் பார்த்தாலே உன் கைப்பேசி வாயை மூடிக்கொள்கிறது. பதினான்கு மாதமாக இதே கதைதான். அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். அவரையும் தடை செய்ய உன்னால் முடியாது என்று ஒரு தைரியம்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கடை. காலையிலிருந்து மாலை வரை பாஸ்போர்ட் படம். "சிரிக்காதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது பேரை மிரட்டுகிறேன். நேற்று ஒருவர், "நான் சிரிக்கலை தம்பி, என் மூஞ்சியே இப்படித்தான்" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். பாலத் திறப்பு விழாவில் நீ நடத்திய வாணவேடிக்கையை நான் எடுத்தேனே, பரிசு வாங்கிய படம், அதை நகர அருங்காட்சியகத்தில் பத்தடி அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்கள். மார்ச் முப்பதாம் தேதி திறப்பு. எடுத்தவன் பெயரோடு வேடிக்கை நடத்தியவரின் பெயரையும் கீழே போட வேண்டுமாம். உன் கையெழுத்து தேவை. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்தப் படத்தைக் காட்டி உன் உரிமத்தைப் பறிப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 11

படக்கடைக்காரர் அவர்களுக்கு,

படிவம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

நான் இப்போது மெத்தைக் கடையில் வேலை செய்வது அம்மா சொல்லித் தெரிந்திருக்கும். இருபது வருடம் வெடிச் சத்தத்திலேயே இருந்தவள், இன்று வருகிறவர்களிடம் "படுத்துப் பாருங்க, திரும்பினாலும் சத்தமே வராது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஆட்கள் நான்கு பேரும் நாலா பக்கமும் போய்விட்டார்கள்.

பொய் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த அறையில் அதிகாரி உன் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது ஒட்டு வேலையா, ஒரே படமா?" என்று கேட்டார். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரே படம் சார். ஒரே ஒரு தடவைதான் ஷட்டரைத் திறந்தேன்" என்றாய். என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. உன் படத்தை யாரோ சந்தேகப்பட்டுவிட்டார்களே என்ற ரோஷம் மட்டும்தான் அன்று உன் முகத்தில் இருந்தது. பதின்மூன்றாவது வாணக் குண்டு பாலத்து நடைபாதைக்குப் பக்கத்தில் தாழ வெடித்தது, அதனால்தான் அங்கே வேடிக்கை பார்க்க நின்ற யாரோ ஓர் அம்மாவின் தோள் சுட்டது என்று எழுதி, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் எட்டாம் தேதி மேல்முறையீடு. மார்ச் இருபத்தைந்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தாழ வெடித்தது என் தவறுதான் என்று ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம் கழித்து உரிமம் கிடைக்கலாம். மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். காட்ட முடியாமல் தோற்றால் இந்த ஜென்மத்தில் நான் ஒரு மத்தாப்புக்குக்கூடப் பொறுப்பேற்க முடியாது. ஒப்புக்கொண்டுவிடு என்கிறார் உன் மாமா.

அதனால் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. நலம் விசாரிக்க இல்லை. அந்தப் படத்துக்கு ஷட்டரை எத்தனை விநாடி திறந்து வைத்திருந்தாய்?

மெத்தைக் கடை


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

முப்பத்தெட்டு விநாடி. கேமராவே குறித்து வைத்திருக்கிறது.

நீ கேட்டதே எனக்குச் சந்தோஷம். ராத்திரியில் வாணம் எடுப்பது எப்படி என்று இத்தனை வருடத்தில் நீ ஒரு தடவையாவது கேட்டதுண்டா? சொல்கிறேன், கேள். கேமராவை முக்காலியில் இறுக்கி வைத்து, ஷட்டரைத் திறந்துவிடுவேன். வானம் இருட்டு, அதனால் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஒன்றும் பதியாது. குண்டு கிளம்பினால் அதன் வால் ஒரு கோடாக விழும். வெடித்தால் ஒவ்வொரு பொறியும் போன பாதை முழுக்க விழும். நீங்கள் எல்லோரும் பார்ப்பது பொறியை, நான் எடுப்பது அது நடந்துபோன வழியை.

ஒரு வெடி முடிந்ததும் ஷட்டரை மூட மாட்டேன். சட்டைப் பெட்டி அட்டை ஒன்றுக்குக் கறுப்பு மை பூசி வைத்திருக்கிறேன், அதை லென்ஸுக்கு முன்னால் பிடிப்பேன். அடுத்த குண்டு கிளம்பும் 'தொப்' சத்தம் கேட்டதும் அட்டையை எடுப்பேன். புகையும் வெற்று வானமும் உள்ளே வராது. இப்படி ஒரே படத்தில் மூன்று நான்கு வெடிகள் அடுத்தடுத்து விழும். கேமரா அசையாதவரை போட்டி விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரே தடவை திறந்தால் ஒரே படம்தான். நான் அதிகாரியிடம் சொன்னதில் தப்பே இல்லை.

ஒரு பெரிய பிரதி அனுப்புகிறேன். பதினான்கு மாதமாக நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பார். மேலே இரண்டு சிவப்பு, அவற்றுக்குக் கீழே பொன்னிறத்தில் உன் பதின்மூன்றாவது, அதன் அடியில் பாலத்து விளக்குகள் வரிசையாக, அதற்கும் கீழே அதே விளக்குகள் தண்ணீரில். நடுவர்கள் அந்தப் பிரதிபலிப்பைத்தான் தனியாகப் பாராட்டினார்கள்.

உன் தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

படத்தை மூன்று நாள் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தேன். நேற்றுக் கடை விடுமுறை. சாப்பாட்டு மேசையில் விரித்து நாலு முனையிலும் நாலு டம்ளரை வைத்து, மாமாவின் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. அது என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

இப்போது நான் எழுதுவதை உன் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

விழா அன்று சாயங்காலம் என் ஆட்கள் பாலத்து விளக்கு ஒன்றை அணைக்கச் சொன்னார்கள். அதன் வெளிச்சம் குண்டுகளைக் கொளுத்தும் எங்கள் சுவிட்ச் பெட்டியில் விழுந்து கண் கூசியது. மின்வாரியத்துக்காரரை நச்சரித்து நான்தான் அணைக்க வைத்தேன். படத்தில் அது இடது பக்கத்திலிருந்து நாலாவது. பார், அந்த இடம் இருட்டாக இருக்கிறது.

இப்போது தண்ணீரைப் பார். அங்கேயும் ஒரு விளக்கு இல்லை. ஆனால் அது நாலாவதற்கு நேர் கீழே இல்லை. ஆறாவதற்குக் கீழே இருக்கிறது. எந்த ஊர்த் தண்ணீரிலும் விளக்கின் நிழல் நேர் கீழேதான் விழும். இரண்டு விளக்கு தள்ளியா விழும்?

இன்னொன்று. அன்று நல்ல காற்று. காற்று ஏறிக்கொண்டே போனதால் நான் பயந்துகொண்டிருந்தேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் அலையடித்தது. ஆனால் உன் படத்தில் தண்ணீருக்குள் இருக்கும் விளக்குகள் துளிகூடக் கலங்காமல் குண்டூசித் தலை மாதிரி நிற்கின்றன.

அது பிரதிபலிப்பு இல்லை. அதே விளக்கு வரிசை படத்தில் இரண்டு தடவை விழுந்திருக்கிறது. கேமரா அசையாமல் இருந்தால் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ தொழில் தெரிந்தவன், நீ சொல். அட்டை மூடியிருந்த நேரத்தில் உன் இன்னொரு கை எங்கே இருந்தது?

அக்கா


மார்ச் 4

அக்கா,

கடிதம் கிடைத்தது. கடையில் கூட்டம். பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் காலம் இது. நிதானமாகப் பார்க்க நேரமில்லை.

கூட்டத்தில் யாராவது முக்காலியை இடித்திருக்கலாம். நான் நின்ற மரப்பலகை ஆடியிருக்கலாம். லென்ஸுக்குள்ளே வெளிச்சம் பட்டுத் திரும்பி இப்படி இரட்டையாக விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. கேமராவை நான் தொட்டதாக நினைவில்லை. பதினான்கு மாதம் ஆயிற்றே, நானே மறந்திருக்கலாம்.

அருங்காட்சியகத்தில் சட்டம் போட்டாயிற்று. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. அம்மா புதுப் புடவை எடுத்திருக்கிறாள்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

நாலு வரிக்குள் மூன்று 'இருக்கலாம்' போட்டிருக்கிறாய். மெத்தை விற்கும்போது நான்கூட இப்படிப் பூசி மெழுகுவதில்லை.

உன்னைக் கெஞ்சப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பதின்மூன்றாவது குண்டு உயரப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். மற்ற எல்லாவற்றையும்விட உயரம். அண்ணாந்துதான் பார்த்தேன். விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். அப்போது உன் படத்தைக் காட்டினார்கள். வேறு யார் எடுத்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். இது என் தம்பி எடுத்தது. கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் கை நடுங்காமல் எடுப்பவன். அதனால் உன் படத்தை நம்பினேன், என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். குண்டைத் தூக்கிவிட அடியில் வைத்த மருந்து ஈரமாகியிருந்ததோ, அதை ஏவும் குழாயைச் சரியாகப் பார்க்காமல் விட்டேனோ என்று பதினான்கு மாதம் என்னையே குடைந்துகொண்டிருக்கிறேன். தூக்கத்தில் குழாய்களை எண்ணுகிறேன் என்று மாமா சொல்கிறார். தோள் சுட்ட அந்த அம்மாவின் வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய், மணியடிக்கத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்தேன்.

எனக்கு உன் மேல் இருந்த கோபம்கூட அதற்கு அப்புறம்தான்.

இருபத்தைந்தாம் தேதி ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். ஒரு பூதக்கண்ணாடியையும் ஓர் அணைந்த விளக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர்களோடு என்னால் வாதாட முடியாது. திறப்பு விழா நன்றாக நடக்கட்டும். அம்மாவுக்குப் புடவை என்ன நிறம் என்று கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 20
விரைவுத் தபால்

அக்கா,

ஒப்புக்கொண்டு எழுதாதே. தயவுசெய்து எழுதாதே. மீதியைப் பிறகு படித்தாலும் சரி.

என் வலது கை முக்காலியின் பிடியில் இருந்தது.

ஆறாம் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததால் அன்று இருட்டியதும் கேமராவை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எதிர்க் கட்டிடத்து மாடியில் அம்மாவை டார்ச்சோடு நிறுத்தினேன். அங்கே கைப்பிடிச் சுவர் நீளத்துக்கும் விளக்குகள் உண்டு. "எனக்கு முழங்கால் வலி, உனக்குப் பைத்தியம்" என்று திட்டிக்கொண்டே டார்ச்சை அடித்தாள். முதல் வெளிச்சம் விழுந்ததும் அட்டையால் மூடினேன். அடுத்ததற்கு அம்மா கையைத் தலைக்கு மேலே நீட்டினாள். அது என் கட்டத்துக்கு வெளியே போய்விடும் போல இருந்தது. நான் யோசிக்கவே இல்லை அக்கா. இடது கை அட்டையைப் பிடித்திருக்க, வலது கை தானாகப் போய்ப் பிடியைத் தளர்த்தி, கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கி, கொஞ்சம் இடப் பக்கம் திருப்பி, மறுபடி இறுக்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்களின் தாடையை நிமிர்த்துவேனே, அந்தப் பழக்கம்.

படத்தைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் விளக்குகள் இரண்டு வரிசையாக இருந்தன. தலைக்கு மேலே தூக்கிய டார்ச் சுவரை உரசுவது போலக் கீழே கிடந்தது. கேமராவை மேலே தூக்கினால் எல்லாமே படத்தில் கீழே இறங்கும், அவ்வளவுதான். அம்மாவிடம் காட்டினேன். "நான் தலைக்கு மேல தூக்கினேன்டா, இதுல இடுப்புல இருக்கு. உன் கேமராவுக்குக் கண் தெரியலையா?" என்றாள்.

விழா இரவில் நடந்தது எல்லாம் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. உன் பன்னிரண்டாவது குண்டே படத்தின் மேல் விளிம்பை இடித்தது. பதின்மூன்றாவது இன்னும் உயரப் போகும் என்று பயந்துதான் அட்டையை மூடிக்கொண்டு கேமராவைத் தூக்கினேன். நீ அவ்வளவு உயரம் அனுப்பினாய் என்பதால்தான் அது படத்தில் தாழ்ந்து விழுந்தது. உன் திறமைக்கு நான் கொடுத்த சாட்சி இப்படி ஆகிவிட்டது.

ஆறாம் தேதி தெரிந்தவன் இருபதாம் தேதி எழுதுகிறேன். நடுவில் உன் கடிதம் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பத்து நாள் சுற்றினேன். பத்தடி அகலம், அழைப்பிதழ், ஊரில் நாலு பேர் பாராட்டு, எல்லாம் கண் முன்னால் நின்றது. வெட்கமாக இருக்கிறது. நேற்று அம்மா புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகத்தான் போனாள். "அவ பேர் இல்லாத இடத்துக்கு எனக்கு என்ன புடவை?" என்றாள்.

இன்று காலையில் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அங்கிருந்த மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். போட்டிக்காரர்களுக்கும் எழுதிப் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மூலப் படம், மாடியில் எடுத்த படம், இரண்டு பக்கத்துக்கு என் வாக்குமூலம், மூன்றும் இதோடு இருக்கின்றன. எட்டாம் தேதி நானே வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

நீ பேச வேண்டாம் என்றாய் என்பதற்காக நிஜமாகவே பேசாமல் பேருந்து ஏறிவிட்டாயே! வாசலில் மாமா உன்னைத் தேடினார்.

நீ சாட்சி சொல்லி முடித்ததும் உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

தோள் சுட்ட அம்மா வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி அவரிடம், "குண்டு உங்க பக்கத்துலதான் வெடிச்சுதா?" என்று கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பக்கத்துலயா? நான் அண்ணாந்து பாத்துட்டு இருந்தேங்க. கழுத்தே வலிச்சுது. ரொம்ப நேரம் கழிச்சுதான் ஒரு பொறி காத்துல மிதந்து வந்து தோள்ல உக்காந்துது." அதிகாரி திகைத்துப்போய், இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றார். அதற்கு அந்த அம்மா, "யாரு கேட்டா? உங்ககிட்டதான் படம் இருந்துச்சே" என்றார்.

அறையில் சத்தமே இல்லை. எங்கள் கடை மெத்தை மாதிரி.

வெளியே வந்ததும் அவரிடம் போனேன். காற்று ஏறியபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும், அது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அதை உள்ளேயும் சொல்லியிருந்தேன். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள மாட்டேன், செய்ததை மறைக்கவும் மாட்டேன். அவர் புடவைத் தலைப்பை விலக்கித் தழும்பைக் காட்டினார். ஒரு பொட்டு அளவு. "ஆறிப் போச்சும்மா. அந்தத் தங்கக் கலர் வெடி பேர் என்ன?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

தீர்ப்புக்கு ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. தினமும் காலையில் கொஞ்சம் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் குறைந்துவிடுகிறது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

கடைச் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "இங்கே ஒண்ணு இருந்துச்சே?" என்கிறார்கள். முதலில் மழுப்பினேன். இப்போது முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கதை கேட்கிற சுவாரஸ்யத்தில் சிரிக்க மறந்துவிடுகிறார்கள், பாஸ்போர்ட் படம் நன்றாக வருகிறது.

கறுப்பு அட்டையைத் தூக்கிப் போடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. அட்டை என்ன செய்யும், தப்பு கையுடையது.

அருங்காட்சியக மேலாளர் நேற்று வந்தார். அடுத்த ஆண்டு வரை அந்தச் சுவர் காலியாகவே இருக்குமாம், ஒழுங்காக ஒன்று எடுத்தால் கொண்டு வா என்றார். இனி வாணம் எடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அடுத்தவர் கொளுத்துவதை எடுக்க மனமில்லை.

உன் தம்பி


ஜூன் 2

முக்காலிக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. எழுதும்போதே கை கூசுகிறது.

உரிமம் வந்துவிட்டது. காற்றளவு கருவி இல்லாமல் ஒரு குண்டும் கொளுத்தக் கூடாது என்று நிபந்தனை. அது நியாயம்தான், கருவியை வாங்கிவிட்டேன். மெத்தைக் கடை முதலாளி, "போகாதீங்க, உங்களை மாதிரி சத்தமில்லாம விக்கிறவங்க கிடைக்க மாட்டாங்க" என்றார். என் ஆட்களில் மூன்று பேர் திரும்பி வருகிறார்கள். நாலாவது ஆளுக்கு வேறு நல்ல வேலை, அவன் டிக்கெட் எடுத்துப் பார்க்க வருவானாம்.

ஜூலை பதினாறாம் தேதி, அணைக்கட்டின் ஐம்பதாவது ஆண்டு விழா. கொளுத்தும் வரிசையை இதோடு வைத்திருக்கிறேன். இதுவரை என் ஆட்கள் தவிர யாருக்கும் அதைக் காட்டியதில்லை. நீ நிற்க வேண்டிய இடத்தை மூலையில் குறித்திருக்கிறேன். பலகையில் நிற்காதே, சிமெண்டுத் தரை இருக்கிறது. தோள் சுட்ட அம்மாவை அழைத்திருக்கிறேன். காற்று வரும் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கிறேன், பொறி அங்கே வராது. அம்மாவை அவர் பக்கத்தில் உட்கார வை. எந்தப் புடவை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும்.

வரிசையை ஒழுங்காகப் படி. பன்னிரண்டாவது வரைக்கும் சிவப்பு, பச்சை, எல்லாம் நடுத்தர உயரம். பதின்மூன்றாவது பொன்னிறம், அதே பழைய வெடிதான், அன்றைக்குப் போன உயரத்துக்குத்தான் அனுப்பப் போகிறேன். அதனால் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருபது விநாடி வானத்தைச் சும்மா விட்டிருக்கிறேன். அவ்வளவு நேரம் எந்த வாணக்காரரும் விட மாட்டார். முடிந்துவிட்டது என்று ஜனங்கள் எழுந்தே விடுவார்கள், எழுந்தால் எழட்டும்.

அந்த இருபது விநாடி உனக்கு. ஷட்டரை மூடு, அட்டையை இல்லை, ஷட்டரை. கேமராவை எவ்வளவு தூக்க வேண்டுமோ தூக்கு. இறுக்கு. மறுபடி திற. திறந்ததும் உன் டார்ச்சை ஒரு தடவை என் பக்கம் அடி. அதைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சை அழுத்துவேன்.

அக்கா